கழுவாமல் பார்க்கும் துரைக்கண்ணு

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, பங்குனி வெயில் ஏறத் தொடங்கி, மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையைப் பிடுங்குவதற்கு ஆட்கள் விடியலிலேயே கொல்லையில் இறங்கிவிடும் பருவத்தில், சந்திரவதி முதன்முதலாகத் துரைக்கண்ணுவைப் பார்த்தார். பார்த்தார் என்பதைவிட, பழுதான வண்டிகளை ஏற்றிவரும் லாரியிலிருந்து இறங்கி, விழுப்புரத்தில் சென்னைச் சாலையோரம் இருந்த அந்த மெக்கானிக்கின் பட்டறை வாசலில் குற்றவாளியைப் போல நின்றார் என்பதே பொருந்தும். லாரியின் முதுகில் சந்திரவதியின் வெள்ளைக் கார் அமர்ந்திருந்தது. அதன் பின்புறம் முழுவதும் எண்ணெய்ப் புகை படிந்து, அடுப்பங்கரைச் சுவரைப் போலக் காட்சியளித்தது.

துரைக்கண்ணு ஐம்பதை ஒட்டிய வயதினர். உடல் பருமன், குரல் அதைவிடப் பருமன்.

"இன்னாம்மா, டோல்கேட்டாண்ட கொசு மருந்து அடிச்சிக்கினு வந்தீங்களாமே. பின்னாடி வந்த லாரிக்காரன் போன் பண்ணிச் சொல்றான். அவனுக்கு ரோடே தெரியலியாம்."

அழுகையை அடக்கிக்கொண்டு நின்ற சந்திரவதிக்கு, தம்மையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. திண்டிவனத்தைத் தாண்டும்வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. விக்கிரவாண்டியை நெருங்கும்போது சீழ்க்கையடிப்பது போல் ஓர் ஒலி எழுந்து, மேலும் மேலும் கூர்மையாகி, சட்டென்று நின்றது. அதனோடு வண்டியின் வலிமையும் போயிற்று. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் இருந்த சாலை முழுவதும் வெண்புகையில் மறைந்திருந்தது. பதறாமல் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். பதற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"டிரைவரு எங்கம்மா?" என்று துரைக்கண்ணு அங்குமிங்கும் பார்த்தார்.

"நான்தாம்பா டிரைவரு."

வெளுத்த கொண்டையையும் மூக்குக்கண்ணாடியையும் துரைக்கண்ணு ஒருமுறை பார்த்தார். வியப்பைக் காட்டிக்கொள்ளவில்லை.

"நல்லதாப் போச்சி, நேராவே கேட்டுடலாம். வேகமா வந்து நிறுத்தறீங்க. ஒடனே சாவியத் திருப்பிடுவீங்களா, இல்ல, என்ஜினக் கொஞ்ச நேரம் சும்மா ஓட உடுவீங்களா?"

"சில நாளு ஒடனே அணைச்சிருப்பேன், தம்பி. அதெல்லாம் எனக்கு யாரும் சொல்லலியே."

"அப்ப முடிஞ்சிது கதை. டர்போன்றது வேற ஒண்ணுமில்லம்மா. புகை வெளிய போற வேகத்துல சுத்துற காத்தாடி. அது சுத்துற சுத்துக்கு ஆயிலுதான் உயிரு. சூட்டோட டக்குனு நிறுத்தினா, உள்ள நிக்கிற ஆயிலு அங்கியே கருகி அடைச்சிக்கும். பிரிக்காமலே சொல்றேன், உள்ள கரி கட்டியிருக்கும். கரி இல்லேன்னா, ஒரு மாசத்துக்கு நான் கருவாடு தொடமாட்டேன்."

பட்டறையின் முன்பகுதியில் உதிரிப் பாகங்கள் விற்கும் சிறு கடை இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "யாரக் கேட்டு அந்தப் பந்தயம் கட்டறீங்க? ஆக்கிப் போடறவள ஒரு வார்த்த கேக்க வாணாம்?"

அது துரைக்கண்ணுவின் மனைவி ராஜாமணி. கருவாடு என்ற சொல்லைக் கேட்டுச் சந்திரவதி முகத்தை இலேசாகத் திருப்பிக்கொண்டதை அவர் ஒருவரே கவனித்தார். திண்டிவனத்துக்கு மேற்கே, செஞ்சி போகும் வழியிலுள்ள சிற்றூரில் தலைமுறை தலைமுறையாக மல்லாட்டை பயிரிட்டு, வாங்கி, விற்றுவரும் தமிழ்ச் சமணக் குடும்பம் சந்திரவதியினுடையது. புலால் அந்த வீட்டில் பேச்சில்கூடப் புழங்குவதில்லை.

அந்தப் பந்தயம் துரைக்கண்ணுவுக்கு விளையாட்டு. சந்திரவதிக்கோ அது அப்படியில்லை.

ஐம்பது வயதைக் கடந்த பிறகே அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கணவர் வீரசேனனுக்குக் கண்பார்வை போதாது; ஆகையால் ஓட்டுவது சந்திரவதி, வண்டியைப் பராமரிப்பது வீரசேனன் என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதுவரை பேருந்துக்கும் பிறர் தயவுக்கும் காத்திருந்த பெண்மணி, நினைத்தால் பனமலைக்குப் போய் ஏரிக்கரையில் காற்று வாங்கினார். நினைத்தால் கோட்டக்குப்பத்துக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். பிரசவ வலி கண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணைத் திண்டிவனம் மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் திரும்பிய நாளில், தாம் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது.

இப்போது பெங்களூரிலிருந்து மகன் ஜிதேந்திரன் தொலைபேசியில் பேசினான். "போதும்மா. இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? ஒரு டிரைவரப் போட்டுடலாம்."

"என்மேல தப்புன்னு மெக்கானிக் சொல்லட்டும்டா. அப்புறம் நான் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன். சாவிய உங்க அப்பா கையில குடுத்துடறேன்" என்றார் சந்திரவதி. சொல்லி முடித்தபின்தான், அந்த மெக்கானிக் ஏறத்தாழ அதைச் சொல்லிவிட்டார் என்பது அவருக்கு உறைத்தது.

துரைக்கண்ணுவைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். அவர் ஓமந்தூர்ப் பக்கம் வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி விடுமுறையொன்றில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தந்தையின் டீசல் பம்புசெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டினார். ஒரு நட்டு மிஞ்சிவிட்டது. பம்புசெட்டு முன்னைவிட நன்றாக ஓடியது. ஆனாலும் குடும்பத்தில் எந்தக் கலியாணம் நடந்தாலும், பந்தியில் யாராவது ஒருவர், "அந்த நட்டு எங்கப்பா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

பிறகு திண்டிவனத்தில் லாரிப் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். கார்களுக்கு டர்போ வருமுன்னரே லாரிகளுக்கு வந்துவிட்டபடியால், அந்தக் காத்தாடி அவருக்கு இளமையிலேயே பழக்கமாகிவிட்டது. அடுத்துக் கோட்டக்குப்பத்தில், வளைகுடா நாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வேலை. அங்கே ஒருநாள், கெட்டுப்போன என்ஜினைப் பிரித்து, எல்லாப் பாகங்களையும் டீசலில் கழுவிப் பளபளவென்று அடுக்கி வைத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்து நின்றார். முதலாளி பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எதனால கெட்டுச்சி?" என்றார். துரைக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. "எப்படித் தெரியும்? சாட்சியையெல்லாம் குளிப்பாட்டி அனுப்பிட்டியேடா" என்றார் பாய்.

அன்று முதல், காரணம் அகப்படும்வரை எந்தப் பாகத்தையும் கழுவக் கூடாது, துடைக்கவும் கூடாது என்பது துரைக்கண்ணுவின் சட்டம். வண்டிக்குரியவர் பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். மற்றபடி, பிரிப்பதற்கு முன் அவர் வாய்க்கு எந்தச் சட்டமும் கிடையாது. ஊகம் சொல்வார், பந்தயம் கட்டுவார், பெரும்பாலும் தோற்பார். தோற்றுவிட்டால் சொன்னதைச் செய்யாமல் விடமாட்டார். ஒருமுறை ஒரு டிராக்டரின் பொருட்டுத் திண்டிவனம் கடைத்தெருவில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்.

என்ஜினைப் பிரிக்கும் நாளில், சந்திரவதி காலையிலேயே பேருந்தில் வந்து சேர்ந்தார். மல்லாட்டை எடை போட்டுவிட்டுப் பிற்பகலில் வருவதாக வீரசேனன் சொல்லியிருந்தார். ராஜாமணி நாற்காலி போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தார். சந்திரவதி கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, மடித்து, தம் குவளையின் வாயில் வைத்துத் தண்ணீரை வடிகட்டிப் பருகினார்.

"எங்க வூட்டுத் தண்ணி நல்ல தண்ணிதாங்க்கா" என்றார் ராஜாமணி, சற்றே மனத்தாங்கலுடன்.

"தண்ணி நல்லதுதாம்மா. அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதாவது இருந்தா, அது என் வயித்துல போய்ச் சாவ வாணாமே, அதுக்குத்தான். எங்க வழக்கம்."

ராஜாமணி யோசித்தார். "அந்தப் பூச்சி குடுத்து வச்சது" என்றார்.

தரையில் விரித்த பழைய தார்ப்பாயின்மேல், கழற்றியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே துரைக்கண்ணு வைத்துக்கொண்டு வந்தார். காற்றுக் குழாயைக் கழற்றியதும் அதற்குள்ளிருந்து எண்ணெய் வழிந்தது. டர்போவின் தண்டை விரலால் சுழற்றிப் பார்த்தார். தொட்டாலே சுழல வேண்டிய காத்தாடி, சிமெண்டில் பதித்தது போல அசையாமல் நின்றது.

"தண்டு புடிச்சிக்கிச்சி. சீலு போயி, ஆயில் மொத்தமும் என்ஜினுக்குள்ள இறங்கி எரிஞ்சிருக்கு. அதான் அவ்ளோ புகை. இப்ப பாருங்க, கரி வரும்."

சந்திரவதி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். துரைக்கண்ணு டர்போவைத் திறந்து, எண்ணெய் செல்லும் துளையில் விளக்கைப் பாய்ச்சினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறுகண்ணை மூடிப் பார்த்தார். மெல்லிய கம்பியை உள்ளே விட்டு எடுத்து, நுனியை முகர்ந்தார்.

"இன்னாங்க?" என்றார் ராஜாமணி.

"இரு."

"கரி இருக்கா, இல்லியா?"

"அவசரப்படாத. தண்டு நீலம் பாஞ்சிருக்கு. ஆயிலே வராம, காஞ்சி ஓடியிருக்கு."

"அது கெடக்கட்டும். கரி?"

துரைக்கண்ணு கம்பியைக் கீழே வைத்தார். "கரி இல்ல" என்றார், வகுப்பில் எழுந்து நின்று விடை தெரியாதென்று சொல்லும் மாணவனின் குரலில்.

சந்திரவதியின் விரலில் சுற்றியிருந்த தலைப்பு அவிழ்ந்தது. ஆனால் மகிழ்வதற்கு இன்னும் துணிவு வரவில்லை. "அப்ப என்மேல தப்பில்லியா, தம்பி?"

"கரி இல்லேன்னா, நீங்க நிறுத்தின விதத்துல தப்பில்ல. ஆயில் ஏன் வரலேன்னு பாத்துட்டுத்தான் முழுசாச் சொல்லுவேன்."

டர்போவுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் சிறு குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். காற்று தாராளமாகப் போயிற்று. குழாயை என்ஜினோடு இணைத்திருந்த துளையுள்ள போல்ட்டை எடுத்து ஊதினார். கன்னம் உப்பியதே தவிர, காற்று போகவில்லை. அந்தப் போல்ட்டினுள் தையலூசிக் கண்ணளவு துளைகள் கொண்ட ஒரு சிறு சல்லடை உண்டு. இடுக்கியால் அதை வெளியே இழுத்தார். அதன்மேல் கறுப்பாக, மெத்தென்று, பஞ்சுத் தலையணையைக் கிழித்து எடுத்தது போல் ஏதோ அப்பிக்கொண்டிருந்தது.

துரைக்கண்ணுவின் முகம் மாறியது. "ராஜாமணி, காலைல நீ இத வேஸ்ட்டுத் துணியால தொடச்சியா?"

"நான் எதுக்குத் தொடைக்கிறேன்? என் வூட்டு அலமாரியத் தொடைக்கவே எனக்கு நேரமில்ல."

"பின்ன துணிப் பஞ்சு எப்படி வந்துச்சி?"

"என்னியக் கேட்டா? பத்து வருஷமா 'தொடைக்காத, தொடைக்காத'ன்னு கத்திக் கத்தி, துணியப் பாத்தாலே நான் ஓடறேன். எம்மேல பழி போட்டா, இன்னிக்கி ராத்திரி சோறு தார்ப்பாய்லதான்."

துரைக்கண்ணு பேச்சை நிறுத்திக்கொண்டு, ஆயில் ஃபில்ட்டரை அறுத்துத் திறந்தார். அதன் மடிப்புகளெல்லாம் அதே பஞ்சால் மூடியிருந்தன. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார். உறிஞ்சும் குழாயின் வலைமீது, ஈரக் கம்பளம் போல அதே பஞ்சு. ஃபில்ட்டர் அடைத்துக்கொண்டதும், எண்ணெய் மாற்றுவழியாக வடிகட்டப்படாமலே பாய்ந்து, பஞ்சைக் கொண்டுபோய் டர்போவின் வாசலில் சேர்த்திருக்கிறது என்று விளக்கினார். வழி தெரிந்துவிட்டது; வந்த இடம் மட்டும் தெரியவில்லை. அதன்பிறகே, அன்று முதன்முறையாக, கிண்ணத்தில் டீசலை ஊற்றி அந்தப் பஞ்சை அலசினார். கறுப்பு கரைந்தது. வெண்ணிற நூல் துணுக்குகள் மிதந்தன. அவற்றின் நடுவே, விரற்கடை நீளத்தில், ஒரு பச்சை நூல்.

சந்திரவதி குனிந்து பார்த்தார், உடனே நிமிர்ந்தார்.

அந்தப் பச்சையை அவருக்குத் தெரியும். வீரசேனன் இரண்டு விரற்கடைப் பச்சைக் கரை போட்ட வேட்டியைத் தவிர வேறெதையும் உடுத்துவதில்லை. உடுத்தி உடுத்தி மெலிந்த வேட்டிகளைச் சதுரமாகக் கிழித்து, காரின் சாமான்களோடு அவர் அடுக்கி வைப்பதையும் சந்திரவதி பார்த்திருக்கிறார். எதற்கென்று கேட்டதில்லை. இப்போது கேட்கத் தேவையும் இல்லை.

தாம் தப்பிவிட்டோம் என்ற மகிழ்ச்சி தொண்டைவரை வந்தது. ஆனால் அதை வெளியே விட்டால், தம் கணவரைப் பிறர் முன்னிலையில் காட்டிக்கொடுத்ததாகிவிடுமே. நாற்பதாண்டுக் காலம் யாரிடமும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத தம்பதியர் அவர்கள். சொல்லாவிட்டாலோ, பஞ்சு எங்கிருந்து வந்தது என்பது தெரியாமலே போகும். ஜிதேந்திரனும் டிரைவரைப் போட்டுவிடுவான். சந்திரவதி புடவைத் தலைப்பை மறுபடி விரலில் சுற்றத் தொடங்கினார்.

அவர் பேசவேண்டிய தேவை நேரவில்லை. பட்டறை வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. வீரசேனன் இறங்கினார். ஒரு கையில் புத்தம்புதிய என்ஜின் ஆயில் கேன். மறு கையில் ஒரு புனல். புனலின் வாயில், நான்காக மடித்து நூலால் இறுகக் கட்டிய, பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துணி.

"என்ஜினப் பிரிச்சா புது ஆயிலு ஊத்தணுமே. உங்களுக்குச் சிரமம் வாணாம்னு நானே எடுத்தாந்துட்டேன், தம்பி" என்றார் வீரசேனன். "துணியும் இருக்கு."

துரைக்கண்ணு புனலைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடி புனலைப் பார்த்தார். "எதுக்குங்க ஐயா துணி?" என்றார், மிக மெதுவாக.

"வடிகட்டத்தான். கடையில வாங்கற ஆயிலுல தூசி தும்பு இருக்கும்ல? நம்ம வூட்டுல தண்ணியே வடிகட்டாம குடிக்கிறதில்ல. வண்டியும் வாயில்லாத ஜீவன்தானே? ஒவ்வொரு தரமும் நல்லா மெத்துனு பழைய வேட்டியாப் பாத்து வடிகட்டி ஊத்துவேன்."

"ஃபில்ட்டரு மாத்துவீங்களா?"

"வடிகட்டின ஆயிலுக்கு எதுக்குப் புது ஃபில்ட்டரு? அதையே கழுவி மாட்டிடுவேன்."

துரைக்கண்ணு கிண்ணத்தை அவர்முன் நீட்டினார். கண்பார்வை போதாத வீரசேனன் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பச்சை நூலை விரலால் எடுத்துத் தம் இடுப்பு வேட்டியின் கரையோடு ஒட்டிப் பார்த்தார்.

"அட, நான்தானா?" என்றார் வீரசேனன்.

முதலில் சிரித்தவர் சந்திரவதி. அடக்கிவைத்திருந்த அத்தனையும் சிரிப்பாக வந்தது. அதைக் கண்டு வீரசேனன் சிரித்தார். ராஜாமணி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயா, வண்டிக்கே வேட்டி கட்டி உட்டுட்டீங்களே. என் சர்வீஸ்ல இப்படி ஒரு பாசத்த நான் பாத்ததில்ல" என்று துரைக்கண்ணு தார்ப்பாயிலேயே அமர்ந்துவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் வீரசேனன் செய்த முதல் வேலை, மகனைத் தொலைபேசியில் அழைத்ததுதான். "டேய் ஜிதேந்திரா, உங்கம்மா ஓட்டினதுல ஒரு குத்தமும் இல்ல. என்ஜின அடைச்சது நான்தான். எப்படின்னு கேக்காத. நேர்ல வா, சொல்றேன். டிரைவரெல்லாம் வாணாம்."

"இன்னொண்ணும் சொல்லுங்க ஐயா" என்றார் துரைக்கண்ணு. "அந்தப் புகையில வண்டிய நிறுத்தி, ஒடனே அணைச்சாங்க பாருங்க, அதனாலதான் பிஸ்டன்லாம் பொழைச்சிது. வேற யாராவதா இருந்தா, டோல்கேட்டத் தாண்டிடலாம்னு மிதிச்சிக்கினு வந்திருப்பாங்க."

வீரசேனன் அதையும் சொன்னார். சத்தமாகவே சொன்னார்.

பந்தயத்தை மறந்துவிடலாம் என்று சந்திரவதி எவ்வளவோ கேட்டுக்கொண்டார். துரைக்கண்ணு இணங்கவில்லை. டர்போவை மாற்றி, என்ஜினைக் கழுவி, புது ஃபில்ட்டர் போட்டு வண்டியைப் பூட்டி முடித்த அந்த ஒரு மாதமும் கருவாடு இல்லாமலே உண்டார். "அக்கா, அவரு புடலங்காயோட சண்ட போட்டுக்கினு இருக்காரு" என்று ராஜாமணி தொலைபேசியில் அவ்வப்போது செய்தி சொன்னார். அந்த அழைப்புகளில் என்ஜினைப் பற்றி ஒரு நிமிடமும், மற்றவற்றைப் பற்றி அரைமணியும் பேசினார்கள்.

சித்திரை பிறந்ததும் வண்டி தயாராயிற்று. திண்டிவனம்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் துரைக்கண்ணு. சந்திரவதி ஓட்டினார், துரைக்கண்ணு பக்கத்தில் அமர்ந்தார். பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ராஜாமணியும் பின்னால் ஏறிக்கொண்டார். விக்கிரவாண்டியைத் தாண்டியதும் சந்திரவதி ஆக்சிலரேட்டரை அழுத்த, வண்டி மெல்லிய சீழ்க்கையோடு எழும்பிப் பாய்ந்தது. வேப்ப மரங்கள் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தன. ஒரு டேங்கர் லாரியை அவர் நிதானமாகக் கடந்தார். துரைக்கண்ணு மேலேயிருந்த பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

"ஏன் தம்பி, என்ஜின்ல சத்தம் ஏதாவது வருதா?"

"என்ஜின் தேனா ஓடுது. எனக்குத்தான் உள்ள சத்தம் வருது. ஸ்டியரிங் என் கையில இல்லேன்னா எனக்குக் கை கால் ஓடாது."

ராஜாமணி சாலையைப் பார்க்கவில்லை. முன்னிருக்கைகளுக்கு நடுவே தலையை நுழைத்து, சந்திரவதியின் கால்களையும் கியர் மாற்றும் கையையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார். "இப்ப எதுக்கு இடது காலத் தூக்கனீங்க?" "இப்ப ஏன் மூணாவது போட்டீங்க?" என்று ஓயாமல் கேட்டார். துரைக்கண்ணு விடை சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "உங்களக் கேக்கல" என்றார்.

திண்டிவனத்தில், மேம்பாலத்தருகே இருந்த தேநீர்க்கடையோரம் சந்திரவதி வண்டியை நிறுத்தினார். சாவியைத் திருப்பாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். என்ஜின் தணிந்து, பூனை போல முனகிக்கொண்டிருந்தது. மூவரும் காத்திருந்தார்கள். பிறகு அவர் அணைத்தார்.

ராஜாமணி தேநீர் சொல்ல இறங்கிப் போனார். துரைக்கண்ணு இறங்கவில்லை. தொண்டையைக் கனைத்தார். அவருடைய பருத்த குரல் அன்று முதன்முறையாக இளைத்துக் கேட்டது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பதினஞ்சி வருஷமா அவ கேட்டுக்கினுதான் இருக்கா. நானும் ரெண்டு தரம் உக்கார வச்சிப் பாத்தேன். அவ கிளட்ச்ச உட்டதும் நான் கத்துவேன். நான் கத்தினதும் அவ நடு ரோட்டுல சாவிய என் மடியில போட்டுட்டு இறங்கிப் போயிடுவா. என்னால ஆவாது. நீங்கதான் அவளுக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கணும். அவ ஓட்டற நாள்ல நான் பட்டறையிலியே இருந்துக்கறேன்."